கொட்டக் கொட்டக் குளவி ஆகுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

போன செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று என்னிடம் படித்த ஒரு பையன் வாழ்த்து அனுப்பியிருந்தான். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கே இப்போது கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். "டீச்சர், நீங்க கொட்டக் கொட்டத்தான் இந்தப் புழு குளவியாச்சு. உங்க கையால வாங்கின குட்டு ஒவ்வொண்ணும் எனக்கு ஆசீர்வாதம்" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே அவன் செட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் இதயம் போட்டிருந்தீர்கள்! "எனக்கும்தான்", "அந்தக் குட்டு இல்லைன்னா நாம ஏது" என்று வரிசையாக எழுதியிருந்தீர்கள். நானும் கைகூப்பும் படத்தைப் போட்டு நன்றி சொல்லிவிட்டேன்.

நன்றி சொன்ன பிறகு மனசு சரியில்லை. காரணம், அதற்கு இரண்டு மாதம் முன்னால் என் வீட்டு ஜன்னலில் நான் பார்த்த ஒரு காட்சி.

எங்கள் பூஜை அறை ஜன்னல் ஓரத்தில் ஒரு குளவி மண்கூடு கட்டிக்கொண்டிருந்தது. தங்கை மகள் அப்போது மாசமாக இருந்தாள். குளவி வீட்டுக்குள் கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா? அதனால் யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? தினமும் காபியோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாயில் ஈர மண் உருண்டையைக் கொண்டுவரும், வைக்கும், தேய்க்கும், போகும், மறுபடி வரும். ஒரு கொத்தனார்கூட அவ்வளவு பொறுமையாகப் பூச மாட்டார்.

ஒரு நாள் ஜன்னலைச் சாத்தும்போது கதவு இடித்து, கூட்டின் ஒரு அறை உடைந்து விழுந்துவிட்டது. உள்ளே ஐந்தாறு பச்சைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டேன். ஒன்று லேசாக நெளிந்தது. சாகவில்லை, ஆனால் நகரவும் முடியவில்லை. அவற்றின் நடுவில் வெள்ளையாக ஒரு சின்னக் குட்டிப்புழு. அது ஒரு பச்சைப் புழுவின் உடம்பில் வாயை வைத்துத் தின்றுகொண்டிருந்தது.

முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். அந்த ஜன்னலடியில்தான் குளவியைப் பற்றிப் பாடம் படித்தேன்.

விஷயம் இதுதான். குளவி புழுவைக் கொட்டுவது அதைக் குளவியாக மாற்றுவதற்கு அல்ல. கொடுக்கின் விஷத்தால் புழு செயலற்றுப் போகும், ஆனால் சாகாது. செத்தால் அழுகிவிடும், உயிரோடு இருந்தால்தான் கெடாமல் இருக்கும். அறையில் ஒரு முட்டை இட்டு, அப்படிப் பிடித்து வந்த புழுக்களை அதில் அடுக்கி, மண்ணால் வாயை மூடிவிட்டுத் தாய்க்குளவி போய்விடும். முட்டையிலிருந்து வருவது குளவியின் குஞ்சு. அந்த வெள்ளைப் புழு, அடுக்கி வைத்த பச்சைப் புழுக்களைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சில வாரம் கழித்துச் சுவரைத் துளைத்துக்கொண்டு சிறகோடு வெளியே வரும்.

இதை முதலில் விளக்கமாக எழுதியவர்களில் ஒருவர் பிரான்சு நாட்டு ஹென்றி ஃபாபர். 1823-இல் பிறந்தவர். அவரும் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். மணிக்கணக்கில் வெயிலில் குந்தியிருந்து, குளவி புழுவை எந்த இடத்தில் கொட்டுகிறது என்று பார்த்து எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் மண்கூடு கட்டும் குளவிகளில் எல்லாமே பச்சைப் புழுவைப் பிடிப்பதில்லை. சில வகை சிலந்தியை மட்டும் பிடிக்கும். அவற்றில் ஒன்றுக்கு நம் சென்னையின் பெயரே உண்டு. ஃபாப்ரீசியஸ் என்ற டென்மார்க்கு அறிஞர் 1781-இல் அதற்கு மதராசப்பட்டணத்தின் பெயரை வைத்தார். இன்றைக்கும் அறிவியலில் அதன் பெயர் செலிஃப்ரான் மதராசபட்டானம்.

நம் முன்னோர்களுக்கும் பாதி விஷயம் தெரிந்துதான் இருந்தது. மண்கூடு கட்டும் குளவிக்கு வேட்டுவாளி என்று ஒரு பழைய பெயர் உண்டு. வேட்டையாடுவது என்றுதான் அதற்குப் பொருள். பெயரைச் சரியாக வைத்தார்கள். பழமொழியில்தான் கதை மாறிவிட்டது. புழு உள்ளே போவதைப் பார்த்தார்கள், குளவி வெளியே வருவதைப் பார்த்தார்கள். நடுவில் நடந்தது மண்சுவருக்குள் நடந்தது. அதனால், கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வடமொழியில் இதையே பிரமர கீட நியாயம் என்பார்கள். இடைவிடாமல் ஒன்றையே நினைத்தால் அதுவாகவே ஆகிவிடலாம் என்று குரு சீடனுக்குச் சொல்லும் உவமை. அந்த அளவில் அழகான உவமைதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அது எங்கள் கையில், அதாவது வாத்தியார்கள் கையில் என்ன ஆயிற்று? கொட்டு என்பது குட்டாகிவிட்டது. குட்டு பிரம்பாகிவிட்டது. "அடியாத மாடு படியாது" என்பதையும் "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பதையும் இதோடு சேர்த்துக்கொண்டோம். அப்பாக்களே பள்ளிக்கு வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது எனக்குக் கொடுத்த உரிமை என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த உடைந்த கூட்டைப் பார்த்த பிறகு பழமொழியைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். கொட்டு வாங்கிய புழு ஒருநாளும் குளவி ஆகவில்லை. அது குளவிக்குச் சாப்பாடாகிவிட்டது. வெளியே பறந்து வந்ததே, அது கொட்டு வாங்காத பிள்ளை. அதற்குத் தாய் கொடுத்தது ஒரு மூடிய அறையும் வயிறு நிறையச் சாப்பாடும்தான்.

என் மனசை அறுத்தது இதுதான். வாழ்த்து எழுதிய பிள்ளைகளா, உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வெளியே பறந்து வந்தவர்கள். உத்தியோகம், கடை, வீடு, வாசல் என்று ஆகி, கையில் போனோடு இந்தக் குழுவில் இருப்பவர்கள். நீங்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து "அடிதான் எங்களை ஆளாக்கியது" என்று சொன்னால் அது உண்மை போலத்தான் கேட்கும். உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பாதியில் நின்றுபோனார்களே, அவர்கள் இந்தக் குழுவில் இல்லை. அவர்கள் வந்து இதயம் போடப் போவதில்லை. பழமொழி சொன்னவர்கள் செய்த தப்பைத்தான் நாமும் செய்கிறோம். வெளியே வந்தவர்களை எண்ணுகிறோம், உள்ளே தீர்ந்துபோனவர்களை எண்ணுவதில்லை.

அப்படி ஒரு பிள்ளையைப் பற்றி இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவன் செட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கு முன்னால் சின்னதாக ஒரு தமிழ்ப் பாடம். குளவி, குழவி என்று இரண்டு சொல் இருக்கிறது. பள்ளி ளகரம் போட்டால் கொட்டுகிற குளவி. அதே எழுத்தில் ஒரு பூவும் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் குளவியும் ஒன்று. மலையில் பூக்கும் காட்டுமல்லிகை. சிறப்பு ழகரம் போட்டால் குழந்தை. தொல்காப்பியம் யானைக் கன்றையும் எருமைக் கன்றையும்கூடக் குழவி என்று சொல்லலாம் என்கிறது. வள்ளுவர் அருளை, அன்பு பெற்ற குழவி என்கிறார். அதே ழகரக் குழவிதான் நம் வீட்டு அம்மிமேல் கிடப்பதும். ஆக, கொட்டுவதும் மணப்பதும் ஒரு சொல். பிறப்பதும் அரைப்பதும் இன்னொரு சொல். எங்கள் பக்கத்துப் பேச்சில் வாழைப்பழமே வாளப்பளம்தான் என்பதால், காதுக்கு இந்த நாலும் ஒன்றுதான். குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கைகூட இந்த ஒலியிலிருந்துதான் வந்திருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஏழாம் வகுப்பில் ஒரு செய்யுளில் குழவி என்ற சொல் வந்தது. "குழவின்னா என்ன?" என்று கேட்டேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து அவன் எழுந்து, "அம்மியில அரைக்கிறது டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் அப்பா தெருத்தெருவாகப் போய் அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர். அவனுக்குத் தெரிந்த குழவி அதுதான். அது சரியான பதிலும்கூட. நான் எதிர்பார்த்த பதில் குழந்தை. அவ்வளவுதான் வித்தியாசம். "அதுவும் சரி, இந்தப் பாட்டில் வேறு பொருள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். நான் சொல்லவில்லை. சிலேட்டை வாங்கி, எழுதிக் காட்டு என்றேன். குளவி என்று எழுதினான். நடு மண்டையில் இரண்டு குட்டு வைத்து, "கொட்டக் கொட்டத்தான்டா நீ குளவி ஆவே" என்றேன். வகுப்பு மறுபடியும் சிரித்தது. எனக்கும் என் சாமர்த்தியத்தில் ஒரு பெருமை.

அன்றிலிருந்து பிள்ளைகள் அவனைக் குளவி என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான். அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. அப்பாவோடு வேலைக்குப் போகிறான் என்றார்கள். என் குட்டினால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கஷ்டம் இருந்தது, அந்தக் காலத்தில் கிரைண்டரும் மிக்ஸியும் வந்து அம்மி கொத்தும் தொழிலும் படுத்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடம் என்று அவன் நினைத்தால் ஞாபகம் வருவது எதுவாக இருக்கும்? அந்த இரண்டு குட்டும் அந்தச் சிரிப்பும்தானே? அவனைத் தேடி நான் ஒரு தடவைகூட அவன் வீட்டுக்குப் போகவில்லை. பதிவேட்டில் பெயரை நீக்கினேன். அதோடு சரி.

"அப்படின்னா அடிக்காமல் எப்படி டீச்சர் வளர்ப்பது? இப்போ பிள்ளைகள் கெட்டுப்போறதே கண்டிப்பு இல்லாததால்தான்" என்று கேட்பீர்கள். என் தம்பியே கேட்பான். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரத்துக்கு வா, பொய் சொல்லாதே, எழுதியதைத் திருத்தி மறுபடி எழுது என்பதெல்லாம் கண்டிப்பு. அதற்குக் கை ஓங்க வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை உடம்பாலோ மனத்தாலோ துன்புறுத்தக் கூடாது என்று சொல்கிறது. 2010 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது ஆசிரியர் ஓய்வறையில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. "இனிமே பாடம் நடத்தின மாதிரிதான்" என்றேன். மனத்தாலும் என்று ஏன் சேர்த்தார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த ஏழாம் வகுப்புப் பையனை நினைத்தால் இப்போது புரிகிறது. குட்டு ஒரு நாளில் ஆறியிருக்கும்.

வேறு வழியில்லாமல் கையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் வேறு வழி தேடினேன். ழகரத்துக்கு நாக்கை எப்படி மடக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கண்ணாடியைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சொல்லுக்கு உங்கள் வீட்டில் என்ன பொருள் என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். எழுத்துப் பிழை குறைந்தது. முந்தைய இருபது வருடக் குட்டில் அவ்வளவு குறையவில்லை. இது என் வகுப்பில் நானே பார்த்தது.

குளவியிடம்தான் பாடம் படிக்க வேண்டும் என்றால், அது பிள்ளைக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டுத்தான் கூட்டின் வாயை மூடுகிறது என்பதைப் படிப்போம். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். அதற்கு முன்னாலேயே காமராசர் மதிய உணவு போட்டார். 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. சோறு இருந்ததால் பள்ளிக்கு வந்து, வந்ததால் படித்து, படித்ததால் மேலே வந்த பிள்ளைகள் நம் பள்ளியிலேயே எத்தனை பேர்! உங்களை ஆளாக்கியது எது என்று கணக்குப் பார்த்தால் அந்தச் சத்துணவு ஆயாம்மாவுக்குத்தான் முதல் வாழ்த்து போக வேண்டும்.

ஒரு பூச்சியிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பது நம் கையில்தான் இருக்கிறது. இத்தாலிக்காரர்கள் அதன் ரீங்காரத்தையும் ஒடுங்கிய இடுப்பையும் பார்த்து ஒரு ஸ்கூட்டருக்குப் பெயர் வைத்தார்கள். 1946-இல் வந்த வெஸ்பாதான் அது. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி. நம் விவசாயிகள் கரும்பில் தண்டு துளைக்கும் புழுவை அடக்க டிரைக்கோகிரம்மா அட்டை கட்டுகிறார்கள். அந்த அட்டையில் இருப்பதும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத குட்டிக் குளவிதான். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி வந்து, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் நாசமாக்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோபேகஸ் என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. அவர்களெல்லாம் குளவியை உள்ளபடி பார்த்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். நாங்கள் அதைப் பார்க்காமலே அதன் பெயரில் பிள்ளைகளைக் குட்டினோம்.

இதைப் படித்துவிட்டுக் குளவி சாது என்று கூட்டில் கை வைத்துவிடாதீர்கள். வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுவது தனியாக வாழும் குளவி, நாம் பிடிக்கப் போனால் ஒழிய அநேகமாகக் கொட்டாது. ஆனால் பனையிலும் தென்னையிலும் கூட்டமாகக் கூடு கட்டும் கதண்டு வேறு. அது விரட்டி விரட்டிக் கொட்டும், உயிரே போயிருக்கிறது. இலங்கை மலையகத்தில் தேயிலை பறிக்கும் நம் சனங்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போவது அங்கே அடிக்கடி வரும் செய்தி. கதண்டுக் கூட்டைப் பார்த்தால் கல்லெறியாமல் 101-க்குப் போன் செய்து தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது. ஆசிரியர் தினத்தன்று எனக்கு வாழ்த்து அனுப்புங்கள், சந்தோஷம். அந்தப் பழமொழியை மட்டும் இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். உங்களில் ஏழெட்டுப் பேர் இன்றைக்கு ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். எல்லாருமே அப்பா, அம்மாவாக இருக்கிறீர்கள். "எங்க டீச்சர் எங்களை அடிச்சுத்தான் வளர்த்தாங்க" என்று என் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையின் மேலும் கை ஓங்காதீர்கள். என்னிடம் குட்டு வாங்கிய எல்லாரிடமும் இந்தப் பதிவு மூலமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். "ஐயோ டீச்சர், அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று யாரும் கீழே எழுத வேண்டாம். நீங்கள் நல்ல பிள்ளைகள், அப்படித்தான் எழுதுவீர்கள். எழுதினால் நான் மறுபடியும் என்னை மன்னித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன்.

அதற்குப் பதிலாக ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் பெஞ்சில் இருந்து பாதியில் நின்றவர் யார் என்று யோசியுங்கள். எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று தெரிந்தால் பொதுவில் போடாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அந்த அம்மி கொத்துகிறவர் மகனைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்லுங்கள். நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அவனிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: "தம்பி, அன்னைக்கு நீ சொன்ன பதில் சரி."

தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். ஜன்னலில் மிச்சமிருந்த அறைகளிலிருந்து குளவிகள் ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டு போய்விட்டன. காலிக் கூட்டை இன்னும் தட்டிவிடவில்லை. கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்